ரொறன்ரோ, பீல் பாடசாலைகளில் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கு

அன்புள்ள ஆசிரியர்களே,

கல்விச் சபைக்கு என்றால் ஆங்கிலத்தில் எழுதியிருப்பேன். கறுப்பினப் பிள்ளைகளை வகுப்பறையில் நாங்கள் எப்படி நடத்துகிறோம் என்பது எங்களுக்குள் பேசவேண்டிய விஷயம், அதனால் தமிழில் எழுதுகிறேன்.

பீல் கல்விச் சபையைப் பற்றி ஒன்ராறியோ அரசு செய்வித்த மதிப்பாய்வு 2020 மார்ச்சில் வெளியானது. உயர்நிலைப் பாடசாலைகளில் கறுப்பின மாணவர்கள் 10.2 வீதம்தான், இடைநிறுத்தப்பட்டவர்களில் ஏறக்குறைய 22.5 வீதம். ஹூடி அணிந்ததும் வளையத் தோடு போட்டதும்கூடக் காரணமாக்கப்பட்டதாக மதிப்பாய்வாளர்களிடம் முறையிட்டிருக்கிறார்கள். தோட்டுக்காக எங்கள் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அன்றைக்கே அதிபரின் அறைக்கு முன்னால் போய் நின்றிருப்போம்.

"வந்தேறு குடிகள் எல்லாருக்கும் தொடக்கத்தில் இப்படித்தான்" என்று சிலர் சொல்லுவீர்கள். ரொறன்ரோ கல்விச் சபையின் தரவுகளை வைத்து யோர்க் பல்கலைக்கழகத்தில் 2017இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் அக்கடமிக் பிரிவில் படித்தவர்கள் வெள்ளையின மாணவர்களில் 81 வீதம். எங்கள் பிள்ளைகளும் அடங்கும் ஏனைய சிறுபான்மையினரில் 80 வீதம். கறுப்பின மாணவர்களில் 53 வீதம். இதற்குப் பிறகும் அந்தச் சமாதானம் எடுபடாது.

அக்கடமிக்குக் கீழே அப்ளைட் என்றொரு பிரிவு. எட்டாம் வகுப்பில் "உனக்கு அப்ளைட் போதும்" என்று ஆசிரியர் சொன்னால் பல வீடுகளில் அதுதான் தீர்ப்பாக இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பிரிப்பு 2022இல் முழுதாக நிறுத்தப்பட்டது, நல்லது. ஆனால் பத்தாம் வகுப்பில் தொடர்கிறது. அங்கே உங்கள் சொல்லுக்கு இன்னும் கனம் உண்டு.

என் மகளின் வகுப்பில் இரண்டு கறுப்பினப் பெடியன்கள். ஆசிரியர் ஒருவர் தவணை முழுக்க ஒருவனின் பெயரால் மற்றவனைக் கூப்பிட்டாராம். பாடநேரத்தில் அவர்களில் ஒருவனும் ஒரு தமிழ்ப் பெடியனும் சேர்ந்து சிரித்தபோது அலுவலகத்துக்குப் போனது ஒருவன்தான். யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஆசிரியர் வெள்ளையர் அல்ல, எங்கள் ஆள். பிள்ளைகள் இதைக் கவனிக்கிறார்கள். என் மகள் கோபத்தோடுதான் சொன்னாள்.

தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் தமிழ்ப் பெடியன்கள் நாலு பேர் சேர்ந்து நின்றாலே 'காங்', அதாவது ரவுடிக் கும்பல், என்று பார்த்த காலம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சிலர் அந்தப் பெடியன்களாகவே இருந்திருப்பீர்கள். அப்படியிருந்தும், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் 'கறுவல்' என்று பேசிவிட்டு வகுப்பறைக்குள் நுழையும்போது அதைக் கழற்றி வைக்க முடியும் என்று நம்புகிறோம்.

கறுப்பின வரலாற்று மாதமான பெப்ரவரி வந்ததும் வகுப்பில் இருக்கும் ஒரே கறுப்பினப் பிள்ளையை எழுப்பி அடிமை வரலாற்றைப் பற்றிப் பேசச் சொல்லாதீர்கள். பாடப்புத்தகத்தில் இருக்கிறதே என்று கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்த வசைச்சொல்லை உரக்க வாசிக்காதீர்கள். யாரின் தலைமுடியும் தொட்டுப் பார்ப்பதற்கு இல்லை. இவையெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல, பயிற்சிப் பட்டறைகளில் கேட்டுக் களைத்திருப்பீர்கள்.

நான் கேட்பது வேறொன்று. ஒரு தவணைக்கு, யாரை எதற்காக அலுவலகத்துக்கு அனுப்பினீர்கள் என்று உங்கள் கொப்பியில் குறித்து வையுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். தவணை முடிவில் நீங்களே எண்ணிப் பாருங்கள். அப்புறம், ஆசிரியர் ஓய்வறையில் சக ஆசிரியர் ஒருவர் "அந்தப் பிள்ளைகள் அப்படித்தான்" என்று தொடங்கினால், எந்தப் பிள்ளை, என்ன செய்தது என்று கேளுங்கள். அதனால் உங்களுக்குச் சிக்கல் வந்தால் பெற்றோர் சபையில் உங்களுக்காகப் பேச நானும் சில தமிழ்ப் பெற்றோரும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய்