இருபத்தோராவது வர்க்கி பாக்கெட்

கோத்தகிரி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கும் நலமே. மழை ஓய்ந்து வெயில் அடிப்பதால் தோட்டங்களில் கொழுந்து வேகமாக வருகிறது. பச்சைத் தேயிலை விலையைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. அதைக் கடைசியில் சொல்கிறேன், உன் கேள்விக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

பிளஸ் ஒன் பிள்ளைகள் உன்னிடம் கேட்டது மிகச் சரியான கேள்வி. "கடைசிப் பொருளை என்ன விலைக்கு விற்கிறாரோ அந்தப் பணம்தானே கூடுதலாக வரும்? முற்றுரிமையாளருக்கு மட்டும் இறுதிநிலை வருவாய் ஏன் விலையைவிடக் குறைகிறது?" முற்றுரிமையாளர் என்றால் சந்தையில் இருக்கும் ஒரே விற்பனையாளர். இறுதிநிலை வருவாய் என்றால் இன்னும் ஒன்றைக் கூடுதலாக விற்பதால் மொத்த வருவாயில் கூடும் தொகை. சராசரி வருவாய்க்கு, அதாவது விலைக்கு, ஒரு கோடு, அதற்குக் கீழே இறுதிநிலை வருவாய்க்கு ஒரு கோடு என்று வரைந்து காட்டிவிட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். கேள்வி மட்டும் அப்படியே நிற்கும். எண்களைப் போட்டுக் காட்டு.

ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) ஒரே ஒரு பேக்கரி என்று வைத்துக்கொள். வர்க்கி (மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டம்) வேண்டும் என்றால் அங்கேதான் வாங்க வேண்டும், அடுத்த பேக்கரிக்கு பஸ் ஏற வேண்டும். ஆளுக்கு ஒரு பாக்கெட், அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே விலை. 100 ரூபாய் என்றால் 20 பேர் வாங்குகிறார்கள். 98 ரூபாய் என்றால் இன்னொருவர் சேர்ந்து 21 பேர். 100 ரூபாயில் மொத்த வருவாய் 2000, 98 ரூபாயில் 2058. புதிதாக வந்தவர் 98 ரூபாய் கொடுத்தார், ஆனால் கல்லாவில் கூடியது 58 ரூபாய்தான். மீதி 40 எங்கே போனது? முன்பு 100 கொடுத்துக்கொண்டிருந்த 20 பேரும் இப்போது ஆளுக்கு 2 ரூபாய் குறைவாகக் கொடுக்கிறார்கள். இருபது இரண்டு நாற்பது.

விஷயம் முழுவதும் இந்த நாற்பதில்தான் இருக்கிறது, செல்வம். 21-ஆவது பாக்கெட்டில் ஒரு குறையும் இல்லை, அது முழு 98 ரூபாய்க்கே விற்றது. அதை விற்பதற்காக, கேட்காமலேயே 100 கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கும் விலையைக் குறைக்க வேண்டியிருந்தது. முதல் பாக்கெட்டில் மட்டும் இந்த இழப்பு கிடையாது, ஏனென்றால் அதற்கு முன்னால் வாங்கியவர் யாரும் இல்லை. இதே கணக்கில் 138 ரூபாய் விலை வைத்தால் ஒருவர் வாங்குவார், அங்கே விலையும் 138, இறுதிநிலை வருவாயும் 138. அதன் பிறகு எண்ணிக்கை கூடக் கூட, விலைக் குறைப்பை வாங்கிக்கொள்ளும் பழைய ஆட்களும் கூடுகிறார்கள். அதனால்தான் இடைவெளி விரிகிறது. 30 பாக்கெட்டிலிருந்து 31-க்குப் போகும்போது விலை 80-லிருந்து 78 ஆகிறது, கூடுவது வெறும் 18 ரூபாய். 35-லிருந்து 36-க்குப் போனால் மொத்தம் 2450-லிருந்து 2448 ஆக இறங்கிவிடும். ஒரு பாக்கெட் அதிகமாக விற்று 2 ரூபாய் நட்டம்.

கணக்குப் போடும்போது பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. புது விலையை எடுத்தால் பழைய எண்ணிக்கையோடு சேர்க்க வேண்டும்: 98-இல் 20 பெருக்கல் 2 போனால் 58. பழைய விலையை எடுத்தால் புது எண்ணிக்கையோடு சேர்க்க வேண்டும்: 100-இல் 21 பெருக்கல் 2 போனால் அதுவும் 58. கலந்து போட்டால் 56 அல்லது 60 வரும், இரண்டும் தப்பு. மொத்த வருவாயைத் தனித்தனியே எழுதிக் கழிக்கச் சொல், அதில் பிழை வராது.

இன்னொரு குழப்பம் இதைவிடப் பெரியது. காலையில் 20 பாக்கெட் 100-க்கு விற்றுவிட்டு, மாலையில் ஒன்றை மட்டும் 98-க்கு விற்பதாக மனத்தில் படம் போட்டுக்கொள்கிறார்கள். அப்படி விற்க முடிந்தால் கூடுதல் வருவாய் 98-தான், பிள்ளைகள் சொல்வதே சரி. அதற்குப் பெயர் விலை பேதம் காட்டுதல். ஒவ்வொருவரிடமும் அவர் தரக்கூடிய உச்ச விலையை வாங்கிவிடும் முற்றுரிமையாளருக்கு இறுதிநிலை வருவாய் விலையோடு ஒட்டியே போகும். ஆனால் மாலையில் மலிவாகக் கிடைக்கும் என்று தெரிந்தால் நாளை காலையில் யார் வருவார்கள்? சுற்றுலாப் பயணிக்கு 120, ஊர்க்காரருக்கு 80 என்று வைத்தாலும், ஊர்க்காரர் பத்து வாங்கிப் பயணியிடம் 100-க்கு விற்றுவிடுவார். ஆளைப் பிரித்தறியவும் வேண்டும், கைமாற்றி விற்பதைத் தடுக்கவும் வேண்டும். இரண்டும் முடியாத இடத்தில்தான் எல்லோருக்கும் ஒரே விலை, அங்கேதான் இந்த 40 ரூபாய் இழப்பு.

நிறைவுப் போட்டியில், அதாவது தனி ஒரு விற்பனையாளரால் விலையை அசைக்க முடியாத சந்தையில், இது ஏன் இல்லை என்பதற்கு கேத்தி பள்ளத்தாக்கு கேரட்டையே காட்டு. ஒரு விவசாயி மேட்டுப்பாளையம் மண்டிக்கு 10 மூட்டை அனுப்பினாலும் 11 அனுப்பினாலும் அன்றைய விலை அவரால் அசையாது. முந்தைய பத்து மூட்டைக்கு எதுவும் குறையவில்லை, ஆகவே பதினொன்றாவது மூட்டையின் விலையே அதன் இறுதிநிலை வருவாய். ஊட்டியில் ஹோம்மேட் சாக்லேட் கடைகள் ஏராளம். அவற்றில் ஒன்றுகூட முற்றுரிமை இல்லை, ஆனாலும் ஒவ்வொன்றின் பண்டமும் கொஞ்சம் வேறு, வாடிக்கையும் வேறு. எனவே அங்கேயும் இறுதிநிலை வருவாய் விலைக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். கீழ்நோக்கிச் சாயும் தேவைக் கோடும் (முன்பு சொன்ன சராசரி வருவாய்க் கோடுதான் இது), எல்லோருக்கும் ஒரே விலையும் இருந்தால் போதும்.

படம் வரையும்போது இரண்டு கோடுகளையும் இணையாக வரைவது வழக்கமான பிழை. இரண்டும் செங்குத்து அச்சில் ஒரே புள்ளியில், நம் கணக்கில் 140-இல், தொடங்க வேண்டும். தேவைக் கோடு கிடை அச்சை 70-இல் தொடும், இறுதிநிலை வருவாய்க் கோடு பாதியிலேயே, 35-இல், தொட்டுவிடும். பாதி என்பது நேர்கோட்டுத் தேவைக்கு மட்டும் பொருந்தும், வளைகோட்டுக்கு அல்ல என்பதையும் சொல்லிவிடு.

இப்போது செலவைச் சேர். மைதா, சர்க்கரை, டால்டா, விறகு எல்லாம் சேர்த்து ஒரு பாக்கெட்டுக்குக் கூடுதல் செலவு 40 ரூபாய் என்று வை. 25-ஆவது பாக்கெட் தரும் கூடுதல் வருவாய் 42, 26-ஆவது தருவது 38. ஆகவே 25-இல் நிறுத்துவார், விலை 90, வாடகை போன்ற நிலையான செலவுக்கு முந்தைய மிச்சம் 1250. 24 சுட்டாலும் 26 சுட்டாலும் 1248-தான். பிள்ளைகளே மூன்றையும் பெருக்கிப் பார்க்கட்டும். இறுதிநிலை வருவாய்க் கோடும் கூடுதல் செலவுக் கோடும் வெட்டும் இடத்திலேயே விலையைப் படித்து 40 என்று எழுதுவார்கள். அங்கிருந்து மேலே ஏறித் தேவைக் கோட்டில்தான் விலையைப் படிக்க வேண்டும். "முற்றுரிமையாளர் எவ்வளவு வேண்டுமானாலும் விலை வைப்பார்" என்பதும் தவறு, 138 வைத்தால் ஒரு பாக்கெட்தான் போகும். மொத்த வருவாய் உச்சமாகும் 70 ரூபாயிலும் அவர் நிற்கமாட்டார், செலவே இல்லை என்றால்தான் அங்கே நிற்பார். 1838-இல் பிரெஞ்சுப் பொருளியலாளர் கூர்னோ முற்றுரிமையை விளக்க எடுத்தது அப்படி ஓர் ஊற்றைத்தான்: மருத்துவ குணமுள்ள நீர், உரிமையாளருக்கு எடுக்கும் செலவு இல்லை.

இறுதிநிலை வருவாயைத் தேவை நெகிழ்ச்சியோடு (விலை ஒரு சதவீதம் மாறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறும் என்பதோடு) இணைக்கும் சூத்திரத்தையும் இதே எண்களில் சரிபார்க்கலாம். 90 ரூபாய் விலையில் தேவை நெகிழ்ச்சி 1.8. ஒன்றை 1.8-ஆல் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்து, 90-ஆல் பெருக்கினால் சரியாக 40. படிப்படியாகப் போட்ட கணக்கில் 42-க்கும் 38-க்கும் நடுவே விழுந்ததும் இதுதான். 70 ரூபாயில் நெகிழ்ச்சி 1, இறுதிநிலை வருவாய் பூஜ்யம். அதற்கும் கீழே நெகிழ்ச்சி ஒன்றுக்குக் குறைவு, அங்கே முற்றுரிமையாளர் ஒருபோதும் விற்கமாட்டார். விலையை ஏற்றினாலே வருவாயும் கூடும், செலவும் குறையும்.

என்னை உறுத்துவது அந்த 26-ஆவது ஆள்தான். அவர் 88 ரூபாய் தரத் தயார், சுட ஆகும் செலவு 40. இருந்தும் அந்தப் பாக்கெட் சுடப்படவில்லை. சுட்டால், முந்தைய 25 பேருக்கும் ஆளுக்கு 2 ரூபாய் குறைக்க வேண்டும். 50 பாக்கெட் வரை ஒவ்வொன்றுக்கும் செலவைத் தரக்கூடிய ஆள் இருக்கிறார், ஆனால் பாதியில் அடுப்பு அணைகிறது. முற்றுரிமை கூடாது என்பதற்குப் பொருளியலில் உள்ள முதன்மையான காரணம் இதுதான். பேக்கரிக்காரர் நல்லவரா பேராசைக்காரரா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. வகுப்பில் இதற்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடு.

தேயிலைக்கு வருகிறேன். இதே கணக்கு, திருப்பிப் போட்டது. சிறு விவசாயிக்கு எட்டும் தூரத்தில் இலை வாங்கும் ஆலை ஒன்றே ஒன்று என்று வை. எண்கள் கணக்குக்காக மட்டும்: கிலோ 20 ரூபாய் என்றால் 100 கிலோ வரும், 21 என்றால் 110 கிலோ. செலவு 2000-லிருந்து 2310. கூடுதல் 10 கிலோவுக்கு 310, அதாவது கிலோவுக்கு 31, ஆனால் அதற்குக் கொடுத்த விலை 21-தான். மீதி 10 ரூபாய், பழைய 100 கிலோவுக்கும் ஏற்றிக் கொடுத்ததன் பங்கு. ஆலை அதிக இலை வாங்கத் தயங்குவதும், விலையைக் கீழேயே வைத்திருப்பதும் இதனால்தான். பக்கத்தில் கூட்டுறவு ஆலை ஒன்று இருந்தால், விலை குறைத்தவரிடம் இலை போகாது, விவசாயி அங்கே கொடுத்துவிடுவார். அதனால்தான் இந்த மலையில் கூட்டுறவு ஆலைகள் நன்றாக நடப்பது இவ்வளவு முக்கியம்.

வர்க்கிக் கணக்கை முடித்த மறுநாள் இதைக் கொடுத்துப் பார். எத்தனை பேர் தாங்களாகவே அந்த 10 ரூபாயைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று எழுது.

அன்புடன்,
போஜன்