விஷவாயு யாரையும் தாக்கல, தேனு

தேனு,

நாலு மாசமா பதில் போடாததுக்கு நீ திட்டப்போற திட்டை நேர்ல வந்து மொத்தமா வாங்கிக்கிறேன். அம்மா நல்லா இருக்காங்க. தம்பி அரியர் எல்லாத்தையும் முடிச்சுட்டான் (நம்ப முடியலன்னா நீயும் என் கட்சி). டைகர் சார் ரிட்டயர் ஆயிட்டாராம், இனிமே அந்தப் பிரம்புக்கு யார் எண்ணெய் போடுவாங்கன்னு தெரியல. நலம் விசாரிப்பு முடிஞ்சது. இப்ப சண்டைக்கு வரேன்.

"பக்கத்துல என் கைவண்ணம்"னு நீ பெருமையா அனுப்பின மாவட்டச் செய்தியைப் படிச்சேன். "செப்டிக் டேங்கை சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி இருவர் பலி." ஏண்டி, உங்க ஆபீஸ்ல இந்த வாக்கியத்தை ரப்பர் ஸ்டாம்ப்பா செஞ்சு வச்சிருக்காங்களா? பள்ளிக்கூடத்துல எழுவாய் எங்கேன்னு கேட்டா நீதான் முதல்ல கை தூக்குவ. இந்த வாக்கியத்துல எழுவாய் எது? விஷவாயு. அது எங்கயோ பதுங்கி இருந்து, ஆள் வந்ததும் பாஞ்சு தாக்கிடுச்சு. கூப்பிட்டது யாரு, டேங்க் கடைசியா எப்ப எடுத்தது, மெஷின் வந்தும் ஆள் ஏன் இறங்கினாரு, எதுவும் செய்தியில இல்ல. கடைசிப் பத்தியில "தொழிலாளர்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லாததே காரணம்"னு ஒரு வரி மட்டும் இருக்கு. அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

ஆள் ஏன் உள்ள இறங்கறாருன்னு முதல்ல சொல்றேன். அஞ்சு பேர் இருக்கற வீட்டுக்கு இந்தியத் தர நிர்ணய ஏடு ஐஎஸ் 2470 சொல்ற டேங்க் ரொம்பச் சின்னது: நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் முக்கால் மீட்டர், தண்ணி நிக்கற ஆழம் ஏறக்குறைய 1 மீட்டர். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை லாரி வரவழைச்சு கசடை எடுக்கணும்னுதான் அந்தக் கணக்கு. நம்ம ஊர்ல கட்டறது எப்படி? "பெருசா போட்டுட்டா ஆயுசுக்கும் கவலை இல்ல"ன்னு மேஸ்திரி சொல்வாரு, அடியில கான்கிரீட் போடாம மண்ணா விட்டுடுவாங்க. தண்ணி மண்ணுக்குள்ள இறங்கிப் போயிடும், பக்கத்துக் கிணத்துக்கும் போர்வெல்லுக்கும் போய்ச் சேரும். திடக்கழிவு மட்டும் தங்கும். "எங்க டேங்க் இருபது வருஷமா திறந்ததே இல்ல"ன்னு கல்யாண வீட்டுல பெருமை பேசறவங்களை நீ கேட்டிருப்ப. அது பெருமை இல்லடி. உள்ள கசடு அமுங்கி அமுங்கி களிமண் கட்டி மாதிரி ஆகிக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.

ஒரு நாள் கழிப்பறையில தண்ணி ஏறி நிக்கும். லாரி வரும். ஹோஸை விட்டு உறிஞ்சினா மேல நிக்கற தண்ணி மட்டும் போகும், அடியில இருக்கற கட்டி அசையாது. லாரிக்காரர், "கீழ கெட்டியா இருக்குங்க, இவ்ளோதான் வரும்"னு சொல்லுவாரு. வீட்டுக்காரர் என்ன சொல்வார்னு உனக்கே தெரியும். "முழுக் காசு வாங்கறீங்கல்ல, சுத்தமா எடுத்துட்டுப் போங்க." அந்த ஒரு வரியிலதான் ஆள் சாகறாரு, தேனு. அதுக்கப்புறம் நடக்கறது வேதியியல்.

அந்த வேதியியலையும் சொல்லிடறேன், நீ பத்தாவதுல அந்தப் பாடத்துக்குத் தூங்கினவ. காத்து இல்லாம அழுகற கழிவுல ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் உண்டாகும். ஹைட்ரஜன் சல்பைடு காத்தை விட கனம், அதனால குழியிலயே தேங்கும். பத்து லட்சத்துல ஒரு பங்கு இருந்தாலே அழுகின முட்டை நாத்தம் தெரியும். ஆனா 100 பங்கு ஆகறப்ப, சில நிமிஷத்துல மூக்கு மரத்துப் போயிடும். "நாத்தம் போயிடுச்சு, இப்ப இறங்கலாம்"னு நினைக்கறது அப்பதான். 500-க்கு மேல போனா தள்ளாடி விழுவாங்க, 1000 கிட்ட வந்தா ஒண்ணு ரெண்டு மூச்சுதான். இதுல நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு என்னன்னா, இந்த வாயுல பெரும்பகுதி கசடுக்குள்ளயே அடைபட்டுக் கிடக்கும். சோடா பாட்டிலைக் குலுக்கினா எப்படி பொங்குமோ அப்படி, மண்வெட்டியால கட்டியை உடைச்ச நொடியில அது மொத்தமும் வெளிய வரும். மூடியைத் திறந்து அரை மணி நேரம் விட்டாச்சு, வாயு அளக்கற மீட்டர் வச்சுப் பார்த்தாச்சு, எல்லாம் சரியா இருந்துச்சு, ஆனாலும் ஆள் போயிட்டாருன்னா இதுதான் காரணம்.

இறந்தவங்க ஏன் எப்பவும் ரெண்டு பேர், மூணு பேர்னு யோசிச்சிருக்கியா? முதல் ஆள் சத்தமே இல்லாம விழுவாரு. மேல நிக்கறவர் வழுக்கி விழுந்துட்டார்னு நினைச்சு தூக்க இறங்குவாரு. அவரும் விழுவாரு. மூணாவதா போறது பெரும்பாலும் அண்ணனோ மகனோ. உள்ள கயிறை விட்டா பயன் இல்ல, மயங்கினவர் எப்படிப் பிடிப்பாரு? இறங்கறதுக்கு முன்னாடியே உடம்புல பட்டை மாட்டி, மேல முக்காலி ஸ்டாண்டுல கயிறு சுத்தற ராட்டை வச்சிருந்தாத்தான், யாரும் இறங்காம மேல இழுக்க முடியும். அது இல்லாத இடத்துல 101-க்கும் 108-க்கும் போன் போட்டுட்டு, ப்ளோயர் கிடைச்சா உள்ள நல்ல காத்தை அடிச்சுக்கிட்டு நிக்கணும். நிக்கறது எவ்வளவு கொடுமைன்னு புரியுது. ஆனாலும் இறங்கக் கூடாது.

தீக்குச்சி கொளுத்திப் பார்க்கற பழக்கத்தைப் பத்தியும் எழுதிடு. மீத்தேன் காத்துல 5-லேர்ந்து 15 சதவீதம் வரைக்கும் இருந்தா வெடிக்கும். குச்சி அணையாம எரிஞ்சாலும் ஹைட்ரஜன் சல்பைடு இல்லைன்னு அர்த்தம் கிடையாது. முகத்துல கட்டற ஈரத்துணி, கடையில விக்கற மாஸ்க், இதெல்லாம் ஆக்சிஜனை உண்டாக்காது. சாதாரணக் காத்துல ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழ போனா இறங்கவே கூடாது. 6 கிட்ட வந்துட்டா எந்த ஃபில்டர் மாட்டியிருந்தாலும் சில மூச்சுல ஆள் சாஞ்சுடுவாரு. முதுகுல காத்து சிலிண்டரோ, மேலேர்ந்து காத்துக் குழாயோ இருந்தே ஆகணும்.

இன்னொண்ணு, பயன்படுத்தவே ஆரம்பிக்காத புது டேங்க்லயும் ஆள் சாகறாங்க. சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்குவாங்க. மூடி போட்ட தொட்டி, தேங்கின தண்ணி, ஊறி அழுகற மரம், எல்லாம் சேர்ந்து உள்ள இருக்கற ஆக்சிஜனை வாரக்கணக்குல தின்னு தீர்த்திருக்கும். நாத்தமே இருக்காது. "புது டேங்க்தானே"ன்னு யாரும் பயப்படவும் மாட்டாங்க.

சரி, சரியா எடுக்கறது எப்படி? ரெண்டு அறைக்கும் உள்ள மூடிகளைத் திறந்து விடணும், பக்கத்துல பீடி சிகரெட் கூடாது. மேல் தண்ணியை எல்லாம் உறிஞ்சிடக் கூடாது, இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. கொஞ்சம் தண்ணியை நிறுத்தி, லாரியில ஏத்தினதுல ஒரு பங்கை வேகமா திருப்பி உள்ள அடிச்சா கட்டி கரையும். நீளக் கழியாலயோ ஜெட் தண்ணியாலயோ வெளிய நின்னபடியே கலக்கி, திரும்ப உறிஞ்சணும். ரெண்டு மூணு தடவை செஞ்சா பெரும்பாலும் வந்துடும். வராததை விட்டுடலாம். கேட்டுக்கோ, விட்டுடலாம்! அடியில கொஞ்சம் கசடு இருக்கறது டேங்குக்கு நல்லது, அதுல இருக்கற பாக்டீரியாதான் அடுத்த ரவுண்டை ஆரம்பிச்சு வைக்கும். செப்டிக் டேங்கை வெண்கலப் பாத்திரம் மாதிரி தேச்சுக் கழுவணும்னு யார்தான் கிளப்பி விட்டாங்களோ. ஆசிட் ஊத்திக் கழுவறவங்களும் உண்டு, கசடுல இருக்கற சல்பைடு ஆசிடோட சேர்ந்தா வர்றது அதே ஹைட்ரஜன் சல்பைடுதான்.

இப்ப உன் "விழிப்புணர்வு" வரிக்கு வரேன். உள்ள போனா ஆபத்துன்னு இறங்கறவருக்குத் தெரியாதா? உன்னையும் என்னையும் விட நல்லாத் தெரியும். அன்னைக்குக் கூலியை விட்டா அடுப்பு எரியாதுங்கறதும் தெரியும். தெரிய வேண்டியது மேல நாற்காலி போட்டு உக்காந்திருக்கறவருக்கு. கையால மலம் அள்ள ஆளை வைக்கறதைத் தடை செய்யற 2013 சட்டத்தோட 7-வது பிரிவு என்ன சொல்லுது? கவசமும் பாதுகாப்பு ஏற்பாடும் இல்லாம சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ கையால சுத்தம் பண்ண, நேரடியாவோ மறைமுகமாவோ யாரும் ஆளை வைக்கக் கூடாது. மாநகராட்சின்னு மட்டும் இல்ல, தனி மனுஷரும் இதுல அடக்கம். முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை சிறை, இல்ல 2 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். ஜாமீன்ல வர முடியாத குற்றம். "அவராத்தான் இறங்கினாரு"ன்னு வீட்டுக்காரர் சொல்றதை நீங்க மேற்கோள் போட்டு அச்சடிக்கறீங்க.

யார் இறங்கறாங்கன்னும் எழுத மாட்டேங்கறீங்க. ஒன்றிய அரசோட நமஸ்தே திட்டத்துல 2024 வரைக்கும் பதிவான சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்கள்ல ஏறக்குறைய 92 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டவங்க. பட்டியல் சாதி மட்டும் 69 சதவீதம். விழிப்புணர்வுதான் பிரச்சினைன்னா, விழிப்புணர்வு இல்லாத மத்த சாதிக்காரங்க எல்லாம் ஏன் டேங்குக்குள்ள இறங்கல? நாடாளுமன்றத்துல கொடுக்கற கணக்குகள்ல 1993-லேர்ந்து அதிக சாவு நம்ம தமிழ்நாட்டுலதான். சமூக நீதி பேசற மண்ணுன்னு நாம மார் தட்டறப்ப எனக்கு இந்தக் கணக்கு வந்து தொண்டையில நிக்குது.

வார்த்தையை வச்சுத் தப்பிக்கறது உங்க பத்திரிகை மட்டும் இல்ல. 2021 ஜூலையில மாநிலங்களவையில, கையால் மலம் அள்ளி யாரும் சாகலைன்னு அரசு பதில் சொல்லுச்சு. சாக்கடையிலயும் டேங்க்லயும் செத்தவங்க "ஆபத்தான முறையில் சுத்தம் செய்தவர்கள்"னு வேற கணக்கு! இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்ல 10 லட்சம்னு சொன்னது, 2023 அக்டோபர்ல 30 லட்சமா உயர்த்துச்சு. "நிதியுதவி"ன்னு எழுதாதே, அது சட்டப்படி சேர வேண்டிய இழப்பீடு.

ரோபோ வந்துடுச்சேன்னு கேப்ப. 2018-ல திருவனந்தபுரத்துல இறங்கின பாண்டிகூட் நல்ல மெஷின்தான், நான் கிண்டல் பண்ணல. ஆனா அது தெரு மேன்ஹோலுக்கு. நம்ம வீட்டு டேங்க் மேல டைல்ஸ் ஒட்டி, அது மேல தொட்டிச்செடி வச்சு, மூடி எங்கன்னே தெரியாம இருக்கறப்ப ரோபோ என்னத்தைப் பண்ணும்? போட்டோவுக்கு ரோபோ அழகா இருக்கும், சரியான இடத்துல ஒரு மூடி இருந்தா அதை யார் படம் எடுக்கப் போறாங்க.

மூடின்னதும் ஞாபகம் வருது, உண்மையில நான் பேனா எடுத்ததே இதுக்குத்தான். உங்க அப்பா போர்ட்டிகோவை நீட்டறார்னு எழுதியிருந்தியே, "டேங்க் அதுக்கடியில மறைஞ்சுடும், இனி அசிங்கமா தெரியாது"ன்னு. வேண்டாம்னு சொல்லு. கட்டியே ஆகணும்னா, ரெண்டு அறைக்கும் தனித்தனியா மூடி தரைமட்டத்துக்குத் தெரியணும். வட்டம்னா 50 சென்டிமீட்டர், நீளவாக்குன்னா 45-க்கு 60-ஆவது இருக்கணும். அது மேல டைல்ஸ், சிமெண்ட் எதுவும் கூடாது. லாரி ஹோஸ் வளையாம வந்து சேர வழி விடணும். காத்துக் குழாயை அழகுக்காக அறுத்துடாம, கூரைக்கு மேல தூக்கி கொசுவலை கட்டணும். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கணும்னு காலண்டர்ல குறிச்சு வை. கசடு எடுக்கற லாரியைக் கூப்பிட 14420. வர்றவங்ககிட்ட முதல் வார்த்தையா "யாரும் உள்ள இறங்கக் கூடாது, வர்றது வரட்டும்"னு அப்பாவே சொல்லணும். காசைக் குறைக்காம சொல்லணும்.

அடுத்த தடவை இந்த மாதிரி செய்தி உன் மேசைக்கு வந்தா ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, எஃப்ஐஆர்ல 2013 சட்டம் இருக்கா, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கா, இல்ல வெறும் அஜாக்கிரதை பிரிவு மட்டுமான்னு கேளு. வீட்டுக்காரர் பேர் குற்றவாளிப் பட்டியல்ல இருக்கா, சாட்சிப் பட்டியல்ல இருக்கான்னும் கேளு. தலைப்பு எப்படி வைக்கறதுன்னு சீனியர்கிட்ட சண்டை போட உனக்கு நான் சொல்லித் தரணுமா, பென்சில் டப்பா கேஸ்ல ஹெட்மிஸ்ஸையே கதறவிட்டவ நீ.

போர்ட்டிகோவுக்கு டைல்ஸ் எப்ப ஒட்டறாங்க? அதுக்கு முன்னாடி மூடி பக்கத்துல டேப்பை விரிச்சு வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அளவு எனக்குத் தெரியணும்.

கயல்