காலாண்டு முடிந்தது, அப்புறம் வரைபட மன்றம் பற்றிக் கொஞ்சம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கோ-கோ அணி மாவட்டப் போட்டி வரை போய் வந்தது, ஆசிரியர் தின விழாவைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே நடத்தினார்கள், குடிநீர்த் தொட்டி வேலையும் ஒருவழியாக முடிந்தது. எல்லோருக்கும் வாழ்த்துகள். விடைத்தாள்கள் பள்ளி திறந்த முதல் வாரத்தில் கைக்கு வரும்.

சரி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வரைபட மன்றத்துப் பிள்ளைகள் கணினி அறையில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் வீடு, தெரு, ஓடை, தரைப்பாலம் என்று வரைந்து சேர்க்கிறார்கள். அதை யாரும் திருத்தலாம், யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். 2010 ஹெய்தி நிலநடுக்கத்தின்போது தலைநகருக்கே உருப்படியான வரைபடம் இல்லாமல், எங்கெங்கோ இருந்த தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்தபடி வரைந்து கொடுத்ததை வைத்துத்தான் மீட்புக் குழுக்கள் வேலை பார்த்தன. காத்மாண்டில் கல்லூரி மாணவர்களை வைத்து முன்கூட்டியே பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் குறித்து வைத்திருந்தது 2015 நிலநடுக்கத்தில் கைகொடுத்தது. இதெல்லாம் நமக்கு எதற்கு என்பவர்கள் 2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எந்தத் தெருவில் ஆள் மாட்டியிருக்கிறது என்று வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாது, நம்மைக் கேட்கலாம் என்றால் நம் போனே வேலை செய்யவில்லை.

ஆகஸ்டில் யார் எத்தனை வீடு வரைந்தார்கள் என்று கரும்பலகையில் ஒரு பட்டியல் எழுதிப் போட்டோம். தப்பு எங்களுடையது, ஒத்துக்கொள்கிறேன். அது எப்படியோ பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது, வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கிலிருந்து ஒரே இரவில், பதினொரு மணிக்கு மேல், முந்நூறு வீடு. அந்நேரம் பிள்ளை தூங்கியிருக்கும் என்றே நம்புகிறேன்.

கணினி ஆசிரியர் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். உப்பளத்து ஓரமாக வரிசையாக 41 வீடுகள், எல்லாம் ஒரே அளவு. அங்கே குடியிருப்பே கிடையாது என்று நம்மூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அத்தனையும் ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரங்கள். மேலிருந்து பார்த்தால் குடிசை மாதிரிதான் இருக்கிறது, நானே ஒரு நிமிடம் ஏமாந்தேன். ஆனால் வெள்ள நேரத்தில் அந்த 41 வீட்டை நம்பி ஒரு படகு அந்தப் பக்கம் திரும்பினால், மொட்டைமாடியில் நிஜமாகவே நிற்கிற குடும்பத்துக்கு அந்தப் படகு இல்லை. இன்னொரு கணக்கில் கடைப் பெயர்களை எல்லாம் கூகுள் மேப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். உரிமப்படி அது கூடாது, கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள், பிள்ளை வெயிலில் நடந்து பார்த்து எழுதிய பெயரும் அதோடு சேர்ந்து போனாலும் போகும்.

அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் கணக்கில் பெரியவர்கள் யாரும் வரையக் கூடாது. இனி பட்டியல் கிடையாது, சான்றிதழிலும் எண்ணிக்கை வராது. மறுபடி இப்படி நடந்தால் அந்தப் பிள்ளைக்கு இந்த ஆண்டு மன்றத்தில் இடமில்லை, யார் வீட்டுப் பிள்ளை என்றும் பார்க்க மாட்டேன். “மேப்பிங்குக்குத்தான் சார்” என்று போன் கொடுத்தனுப்புவதும் வேண்டாம், கணினி அறையில் இருப்பதே போதும்.

பிள்ளை முன்னே வர வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரியாமல் இல்லை, நானும் ஒரு அப்பன்தான். வரைய ஆர்வம் இருப்பவர்கள் சொந்தக் கணக்கு தொடங்கிக்கொண்டு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள், பிள்ளைகளே சொல்லித்தருவார்கள். கணினி தொடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. போன மாதம் பையனைக் கூப்பிட வந்த ஆட்டோ ஓட்டும் ஒரு அப்பா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “இந்தத் தரைப்பாலத்துல முட்டளவு தண்ணி வந்தாலே வண்டி போகாது, வாய்க்கால் கரையோட சுத்திப் போற பாதைய எங்க காணோம்?” என்றார். மறுநாள் அப்பாவும் மகனும் அந்தப் பாதையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள், திங்கட்கிழமை அது வரைபடத்தில் ஏறியது.

அந்த மாதிரி விஷயம்தான் எங்களுக்கு வேண்டும். 2023இல் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது, முதலில் எங்கே நின்றது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். மழை பிடிப்பதற்குள் சரிபார்த்துவிடலாம்.

வெள்ளிக்கிழமைகளில் தாமதமானாலும் முகம் சுளிக்காமல் வாசலில் காத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி. உப்பு அம்பாரங்களைப் பிள்ளைகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துவிட்டார்கள். வரைந்தது எந்த வீட்டில் என்று நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்