ஐந்துக்குப் பூஜ்யம்

அன்பு மகளுக்கு,

கொரியாவுக்கு இரண்டு வருடம் போய் அங்குள்ள டீமைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று போனில் சொன்னாய். "எல்லாரும் என்னைவிட மூத்தவங்க, நான் வெளியாள், நான் சொன்னா யாருப்பா கேப்பாங்க" என்றும் கேட்டாய். உன் அம்மா பக்கத்தில் நின்று அங்கே மீன் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டே இருந்ததில் என்னால் முழுசாகப் பேச முடியவில்லை. ரிட்டயர் ஆன பி.டி. வாத்தியார் நான். எனக்கு வரும் உதாரணம் கால்பந்தில்தான் இருக்கும், பொறுத்துக்கொள் மக்களே.

நீ இப்போது இருக்கிற நெதர்லாந்தின் ஐந்தோவனில் குஸ் ஹிடிங்க் என்ற கால்பந்து கோச்சின் பெயரைச் சொன்னால் வயதானவர்கள் முகம் மலரும். 1988-இல் அந்த ஊர் கிளப்பான பி.எஸ்.வி. அணிக்கு, கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. காலிறுதியிலிருந்து இறுதிப் போட்டி வரை ஆடிய ஐந்து ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவர்கள் ஜெயிக்கவில்லை. எல்லாம் டிரா. மொத்தக் கோல் சமமானால் வெளியூரில் அதிகம் அடித்தவருக்கே வெற்றி என்ற அன்றைய விதியில் இரண்டு சுற்று தாண்டி, கடைசியில் போர்ச்சுகலின் பென்பிகா கிளப்பைப் பெனால்டியில் முடித்தார்கள்.

ஆட்டக்காரராக அவர் பெரிய ஆள் இல்லை. நெதர்லாந்து தேசிய அணிக்கு ஒரு தடவைகூட ஆடியதில்லை. ஜெர்மனி எல்லைப் பக்கம் வார்செவெல்ட் என்ற கிராமத்தில் பள்ளி ஆசிரியர் மகன். பக்கத்து ஊரின் டி கிராஃப்ஸ்காப் என்ற சின்ன கிளப்பில்தான் பெரும்பாலும் ஆடினார். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, மனச்சிக்கல் உள்ள பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக வேலை பார்த்தார். ஆக, என் சாதி. அவர் கோச் ஆனபோது ஆட்களை நடத்திய விதத்துக்கு அந்தப் பள்ளிதான் பயிற்சி என்பது என் எண்ணம். அடங்காத பையனிடம் கத்திப் பயனில்லை என்பது உடற்பயிற்சி வாத்தியாருக்குத்தான் முதலில் தெரியும்.

வெளிநாட்டில் அவருக்கு எடுத்த எடுப்பிலேயே வெற்றி கிடைத்துவிடவில்லை. துருக்கியில் ஃபெனர்பாச்சே கிளப் ஒரு வருடம்கூட வைத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஸ்பெயினில் வலென்சியா. அங்கே ஒரு ஆட்டத்தில் ரசிகர்கள் நாஜிக் கொடியைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைக் கழற்றாமல் ஆட்டம் தொடங்காது என்று நின்றுவிட்டார், கழற்றினார்கள். 1998 உலகக் கோப்பையில் நெதர்லாந்தை அரையிறுதி வரை கொண்டுபோனார். ரியல் மாட்ரிட் கூப்பிட்டது, சில மாதங்களில் அனுப்பியும் விட்டது. 2001 தொடக்கத்தில் கொரியாவில் போய் இறங்கும்போது அவர் கையில் கோப்பையும் இருந்தது, நீக்கல் கடிதங்களும் இருந்தன.

கொரியாவின் நிலையையும் கேள். அதுவரை ஐந்து உலகக் கோப்பைகளில் 14 ஆட்டம் ஆடி, ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. 2002-இல் போட்டி நடப்பதோ அவர்கள் மண்ணில், ஜப்பானோடு சேர்ந்து. மானம் போகக்கூடாது என்ற பயம் நாடு முழுக்க. ஹிடிங்க் வேண்டுமென்றே பலமான அணிகளோடு மோத விட்டார். பிரான்ஸிடம் 5-0, செக் குடியரசிடம் 5-0. பத்திரிகைகள் அவருக்கு 'ஐந்துக்குப் பூஜ்யம்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டன. ஆளை அனுப்பு என்ற குரல் கிளம்பியது. அவர் அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கொரியாக்காரர்கள் தங்களைப் பற்றி நம்பியது இது: உடம்பில் தெம்பு உண்டு, மனசில் உறுதி உண்டு, பந்துத் திறமைதான் குறைவு. உள்ளூர் கோச்சுகளும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்கள். ஹிடிங்க் வந்து பார்த்துவிட்டு நேர்மாறாகச் சொன்னார். திறமை போதும், இரண்டு காலாலும் உதைக்கிறார்கள், தொண்ணூறு நிமிடம் முழு வேகத்தில் ஓடுவதற்கான தெம்புதான் இல்லை என்றார். ஊரே சிரித்தது. அவர் ஓட்டப் பயிற்சியிலேயே மாதக்கணக்கில் வாட்டினார். அந்த ஊரில் பிறந்த ஒருவர் இதைச் சொல்லியிருக்கவே முடியாது, ஏனென்றால் அவருக்கு அது கண்ணிலேயே பட்டிருக்காது.

இன்னொன்று சாப்பாட்டு மேசை. மூத்த ஆட்டக்காரர்கள் தனியாக, இளையவர்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மைதானத்திலும் அதே கதைதான். இருபது வயதுப் பையன் முப்பது வயதுக்காரரை அதட்டிப் பந்து கேட்கமாட்டான். நம் தூத்தூர் கடற்கரையிலும் பார்த்திருப்பாயே, கோல் வாய் திறந்து கிடக்கும்போதுகூட "அண்ணே, அண்ணே" என்று கெஞ்சிக்கொண்டு நிற்கும் பையன்களை. ஹிடிங்க் மேசைகளைக் கலந்து உட்காரச் சொன்னார், களத்தில் மரியாதைச் சொல் வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். களத்துக்கு வெளியே அவர்கள் பழக்கத்தில் அவர் கைவைக்கவில்லை என்பதைக் கவனி.

அதன் பலன் இத்தாலி ஆட்டத்தில் தெரிந்தது. 2002 ஜூன் 4-ஆம் தேதி புசானில் போலந்தை 2-0 என்று வென்று அந்த முதல் வெற்றி வந்துவிட்டது, போர்ச்சுகலையும் பார்க் ஜி-சுங் கோலில் சாய்த்தாயிற்று. இரண்டாம் சுற்றில் இத்தாலி ஒரு கோல் முன்னால். நேரம் ஓடுகிறது. ஹிடிங்க் தடுப்பாட்டக்காரரை எடுத்துவிட்டு முன்கள ஆளை இறக்குகிறார். இன்னொருவரை எடுக்கிறார், மறுபடி முன்கள ஆள். 83-ஆவது நிமிடத்தில் கேப்டன் ஹோங் மியுங்-போவையே வெளியே கூப்பிட்டு, சா டு-ரி என்ற சின்னப் பையனை அனுப்பினார். அந்த நாட்டில் அது எப்பேர்ப்பட்ட காரியம் என்று யோசி. ஐந்து நிமிடத்தில் சோல் கி-ஹியோன் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், 117-ஆவது நிமிடத்தில், முதலில் பெனால்டியைக் கோட்டைவிட்ட அதே ஆன் ஜங்-ஹ்வான் தலையால் முட்டி முடித்தார். கேப்டன் முகம் சுளிக்கவில்லை. நாலு நாள் கழித்து ஸ்பெயினோடு பெனால்டிக்குப் போனபோது கடைசி உதையை அடித்து அரையிறுதிக்குக் கொண்டுபோனவர் அவர்தான்.

நடுவர்கள் உதவினார்கள் என்று இத்தாலியும் ஸ்பெயினும் இன்றுவரை புலம்புகின்றன. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஸ்பெயினுக்கு ஒரு நல்ல கோலை மறுத்தார்கள், நானே டிவியில் பார்த்தேன். ஆனால் 117-ஆவது நிமிடத்தில் ஓடுவதற்கு நடுவர் தெம்பு தரமாட்டார்.

கொரியா அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது, குவாங்ஜு மைதானத்துக்கு அவர் பேர் வைத்தது. அவர் திரும்பி உன் ஊருக்கே வந்தார், தன் கொரிய ஆட்டக்காரர்கள் பார்க் ஜி-சுங்கையும் லீ யங்-பியோவையும் பி.எஸ்.வி.க்குக் கூட்டிக்கொண்டு. பார்க்கை முதலில் ஐந்தோவன் ரசிகர்கள் கூச்சலிட்டு விரட்டப் பார்த்தார்கள். 2005 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் மிலானுக்கு எதிராக அவர் கோல் அடித்தபோது அதே கூட்டம் கொண்டாடியது. அப்புறம் ஆஸ்திரேலியாவை 32 வருடம் கழித்து உலகக் கோப்பைக்குக் கூட்டிப்போனார். 2008-இல் ரஷ்ய அணியை வைத்துத் தன் சொந்த நாட்டையே 3-1 என்று தோற்கடித்தார். ஆனால் 2014-இல் நெதர்லாந்துக்கே மறுபடி பயிற்சியாளராகப் போனபோது ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. சொந்த ஊரில் அவருக்கு அந்த வெளியாள் கண் வாய்க்கவில்லையோ என்னவோ.

கொரியாவில் அவருக்கு உதவியாளராக இருந்த பார்க் ஹாங்-சியோ, பின்னாளில் வியட்நாமுக்குப் போய் அங்கே இதே மாதிரி கொண்டாடப்பட்டார். 2018-இல் தென்கிழக்கு ஆசியக் கோப்பையை வென்று கொடுத்தார். வெளியாளாக இருக்கும் வித்தையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹிடிங்க் சும்மா போய்விடவில்லை. தேசிய வீரர்களை கிளப்புகள் நீண்ட முகாமுக்கு விடவேண்டும், பலமான அணிகளோடு ஆட்டம் ஏற்பாடு செய்யவேண்டும், தன் ஆட்கள் சிலர் கூட இருக்கவேண்டும் என்று கேட்டார். கொரியச் சங்கமும் கொடுத்தது. அது கிடைக்காமல் எந்த மந்திரமும் பலித்திருக்காது. நீயும் சம்மதம் சொல்வதற்கு முன்னால் மூன்றைக் கேட்டுக்கொள்: ஐந்தோவனிலிருந்து யாரை உன்னோடு கூட்டிப்போகலாம், முதல் ஆறு மாதம் கணக்குக் கேட்காமல் விடுவார்களா, அந்த டீமில் உனக்கு உள்ளூர் உதவியாளராக யாரைக் கொடுப்பார்கள். பதில் கிடைத்ததும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுப் பேசுவோம்.

அன்புடன்,
அப்பா