எங்கள் ஸ்டூலைத் திருப்பிக் கொடுங்கள், முதலாளி

பெரிய முதலாளி அவர்களுக்கும் சின்ன முதலாளி அவர்களுக்கும் வணக்கம்.

மூன்றாம் மாடி பட்டுப் பிரிவிலிருந்து எழுதுகிறேன். விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், சூப்பர்வைசர் சார் சொல்லியிருப்பார். ஏற்காட்டுப் பயிற்சி முடிந்து நாம் மலை இறங்கிய மூன்றாம் நாள் காலையில் கவுன்டருக்குப் பின்னால் இருந்த ஸ்டூல்களைக் காணோம். கேட்டதற்கு, பெண்கள் உட்கார்ந்திருப்பது கேமராவில் பார்க்க நன்றாக இல்லையாம், ஆடித் தள்ளுபடி முடிகிற வரைக்கும் வேண்டாமாம்.

பயிற்சியைக் குறை சொல்ல வரவில்லை. எங்கள் வார லீவைக் கழித்துக்கொண்டு கூட்டிப்போனீர்கள், அது வேறு கதை. 20 கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்த ரெடிமேட் பிரிவுப் பெண்ணுக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தது சின்ன முதலாளிதான், அதையும் நாங்கள் மறக்கவில்லை. பயிற்சி கொடுத்தவர் நன்றாகத்தான் பேசினார். விழுமியம், அதாவது நாம் உயர்வாக மதித்து நடக்கும் கொள்கை, என்ற சொல்லையே எங்களில் பாதிப்பேர் அங்கேதான் முதன்முதலில் கேட்டோம். மூன்று கொத்தனார் கதை சொன்னார். ஒருவன் கல் அடுக்குகிறேன் என்றானாம், இன்னொருவன் கூலிக்கு உழைக்கிறேன் என்றானாம், மூன்றாமவன் கோயில் கட்டுகிறேன் என்றானாம். நாம் மூன்றாவது கொத்தனாராக இருக்க வேண்டுமாம். எல்லோரும் கைதட்டினோம். "மூணு பேருமே மத்தியானம் நிழல்ல உக்காந்து சாப்பிட்டிருப்பாங்க" என்று பின்வரிசையில் முணுமுணுத்தது யார் என்று தேடினீர்களே, அது நான்தான்.

அப்புறம் அந்த அமெரிக்கக் கதை. 1982இல் சிகாகோ பக்கம் யாரோ டைலனால் என்ற வலி மாத்திரையில் சயனைடு விஷத்தைக் கலந்துவிட்டார்கள், 7 பேர் செத்துப்போனார்கள். கலந்தது எவனோ வெளியாள், நமக்கென்ன என்று இருக்காமல், அந்த மாத்திரையை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி நாடு முழுக்க இருந்த 3 கோடிக்கும் மேற்பட்ட பாட்டில்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நஷ்டம் 10 கோடி டாலருக்கு மேல். 1943லேயே அவர்கள் எழுதிவைத்த கொள்கையில் வாடிக்கையாளருக்கும் வேலை செய்பவர்களுக்கும் பிறகு, கடைசி இடத்தில்தான் பங்குதாரர்கள் வருகிறார்களாம். நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியதைப் பார்த்தேன். அவர்களுக்கு 10 கோடி டாலர் ஆன விஷயம், உங்களுக்குப் பத்துப் பைசா ஆகாது முதலாளி. ஸ்டூல் ஏற்கெனவே வாங்கி வைத்ததுதானே.

காலை ஒன்பதரைக்குக் கடை திறந்தால் இரவு ஒன்பதரை. நடுவில் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம். மற்ற நேரமெல்லாம் நிற்பதுதான், கூட்டம் இருந்தாலும் நிற்க வேண்டும், ஈ ஓட்டினாலும் நிற்க வேண்டும். கால் கடுத்தால் என்ன செய்கிறோம் தெரியுமா? கீழ்த்தட்டில் சேலை தேடுவதுபோல் குனிந்து, கவுன்டர் மறைவில் இரண்டு நிமிடம் குந்திக்கொள்வோம். "அக்கா, நான் கீழ்த்தட்டு பாக்குறேன்" என்று ஒருத்தி சொன்னால் மற்றவள் சூப்பர்வைசர் வருகிறாரா என்று பார்த்துக்கொள்வாள். இப்போது அதையும் கேமராவில் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

என் கொலுசைப் பற்றிச் சொல்ல வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் சீட்டுப் பணத்தில் வாங்கியது. காலையில் போடும்போது சரியாக இருக்கும். ராத்திரி வீட்டுக்குப் போய்க் கழற்றலாம் என்றால் கால் வீங்கி, சங்கிலி சதையில் பதிந்து, திருகு பிடிபடாது. வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் காலை அரைமணி நேரம் வைத்திருந்த பிறகு என் மகள்தான் கழற்றிவிடுவாள். இந்த ஆடி முதல் தேதியிலிருந்து நான் கொலுசே போடுவதில்லை. ஊருக்கெல்லாம் கொலுசு செய்து அனுப்புகிற சேலத்தில் இருந்துகொண்டு, கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு வெறுங்காலோடு போனேன். எனக்கு நாற்பதுதான் ஆகிறது. என்னைவிட மூத்தவர்கள் இரண்டு பேருக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கிறது.

பெரிய முதலாளிக்கு ஒரு வார்த்தை. கடைவீதியில் சின்னக் கடையாக இருந்தபோது வெள்ளை விரிப்பு மெத்தையில் நீங்களே சம்மணம் போட்டு உட்கார்ந்து சேலையை விசிறிக் காட்டுவீர்கள் என்று என் அம்மா சொல்வார். வந்தவர்களும் எதிரே உட்கார்ந்துதான் பார்த்தார்கள். அப்போது யாருக்கும் மரியாதை குறைந்துவிடவில்லையே.

சட்டம் பேசுகிறாள் என்று நினைக்காதீர்கள். ஆனால் 2021இலேயே தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு இருக்கை வைக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்று 22-ஏ பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடி 2018லேயே வாங்கிவிட்டார்கள். நாங்கள் போராடவில்லை, மடல்தான் எழுதுகிறோம்.

"உங்கள் வேலையின் அர்த்தம் என்ன?" என்று அட்டை கொடுத்து எழுதச் சொன்னீர்கள். நான் எழுதியதை யாராவது படித்தீர்களா தெரியவில்லை. போன தை மாதம் வாழப்பாடிப் பக்கமிருந்து ஒரு பாட்டி, பேத்தி கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தார். சுருக்குப்பையில் இருந்த பணத்துக்குள் அடங்க வேண்டும், பார்ப்பதற்கு அதிக விலைச் சேலைபோலவும் இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம், நாற்பது சேலைக்கு மேல் பிரித்துப் போட்டேன். கடைசியில் கிடைத்த அரக்கு நிறத்தைப் பாட்டி என் தோளிலேயே போட்டுப் பார்த்துவிட்டு என் கன்னத்தைத் தடவினார். இதைத்தான் எழுதினேன். இதை எனக்கு யாரும் மலைமேல் கூட்டிப்போய்ச் சொல்லித்தர வேண்டியதில்லை. கழிப்பறைக்குப் போக டோக்கன், அடுத்தவரிடம் பேசினால் ஐம்பது ரூபாய் அபராதம், படிக்கட்டில் தங்க எழுத்தில் "மரியாதை, குடும்பம், நேர்மை" என்று பலகை! அதைத் தினமும் துடைப்பதும் நாங்கள்தான், நின்றுகொண்டே.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். டோக்கனைப் பற்றி இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். இப்போதைக்குக் கேட்பது ஸ்டூல் மட்டும்தான். வாடிக்கையாளர் வந்தால் எழுந்து நிற்கப்போகிறோம், இத்தனை நாளும் அப்படித்தானே செய்தோம். ஆடிப்பெருக்குக்குள் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மொத்தம் 14. மொட்டைமாடியில், உடைந்த பொம்மைகளுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இறக்குவதற்கு ஆள்கூலி வேண்டாம். நீங்கள் சரி என்று சொன்னால் கடை திறப்பதற்கு முன்பே நாங்களே தூக்கி வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
பட்டுப் பிரிவு, மூன்றாம் மாடி