காளானைத் திருப்பிப் பார்

கென்டல், இங்கிலாந்து
அக்டோபர் 28

அன்புள்ள செண்பகத்துக்கு,

உன் கடிதமும் சுடுமண் காளான்களின் படங்களும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததும், கொலுவுக்காக நீ செய்த காளான்கள் ஒன்றுவிடாமல் விற்றுப்போனதும் அறிந்து மகிழ்ந்தேன். அவற்றைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுதச் சொல்லியிருந்தாய். குடைகளின் வளைவும், தண்டு சற்றே சாய்ந்து நிற்கும் விதமும், கும்பகோணத்தில் நாம் படித்த நாளில் உன் கைக்கு இருந்த அதே லாகவத்தோடு அமைந்திருக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவிழ்த்து வைத்து எடுத்த படத்தில் அடிப்பக்கம் மழமழவென்று இருக்கிறது. என் குறை அது ஒன்றுதான். கடிதம் முழுவதும் அதைச் சுற்றியே வரப்போகிறது, பொறுத்துக்கொள்.

இங்கே இலையுதிர்காலம் தொடங்கிவிட்டால் கோப்பை, தலையணை உறை, மெழுகுவத்தி என்று கடையில் எதை எடுத்தாலும் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த காளான்தான். உண்மையில் அந்தப் புள்ளிகள், இளங்காளானை மூடியிருந்த உறை கிழிந்து ஒட்டிக்கொண்ட துணுக்குகள். பலத்த மழையில் அவை கழுவிப் போய்விடுவதும் உண்டு. கடைக்காரர்களின் காளானுக்கு மழையும் கிடையாது, அடிப்பக்கமும் கிடையாது.

சென்ற மாதம் ஆம்பிள்சைடில் உள்ள ஆர்மிட் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். முயல் கதைகளால் உலகம் அறிந்த பீட்ரிக்ஸ் பாட்டர், அந்தப் புகழ் வருவதற்கு முன்பு வரைந்த காளான் ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் தபால்காரராக இருந்த சார்லஸ் மக்கின்டோஷ் என்பவர் இயற்கையை நுணுகி அறிந்தவர். அவர் காளான்களைப் பறித்துத் தபாலில் அனுப்புவார், பாட்டர் அவற்றை வரைந்து ஒரு படியை அவருக்கே திருப்பி அனுப்புவார். வெறும் அழகான படமாக நின்றுவிடாமல், குடையை நெடுக வெட்டிய தோற்றத்தையும் சேர்த்து வரையும்படி சொன்னவர் அந்தத் தபால்காரர்தான். அந்தத் தாள்களின் முன் நின்றபோது, ஒரே காளானை நின்றபடியும், கவிழ்த்தும், பிளந்தும் அருகருகே வைத்திருக்கும் ஒழுங்கில்தான் என் கண் நிலைத்தது. பிறகு பாட்டர் நுண்நோக்கியை வைத்துக்கொண்டு வித்துகளை முளைக்கவைத்து ஆராய்ந்தார். 1897இல், இயற்கை ஆய்வாளர்களின் அமைப்பான லண்டன் லின்னியன் சங்கத்தில் அவருடைய கட்டுரையை ஆண் ஒருவர்தான் முன்வைக்க வேண்டியிருந்தது, ஏனெனில் அந்தக் கூட்டங்களில் பெண்களுக்கு இடமில்லை. அந்தக் கட்டுரை இன்று கிடைக்கவில்லை. ஓவியங்களோ, 1967இல் வெளியான ஒரு காளான் கையேட்டில் 59 இடம்பெறும் அளவுக்குத் துல்லியமாக இருந்தன. கலைக்கும் ஆராய்ச்சிக்கும் நடுவே நாம்தான் கோடு போட்டுக்கொள்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி உன் வேலைக்கு வருகிறேன். அடுத்த முறை கடைக் காளான் வாங்கும்போது, குடை நன்றாக விரிந்ததாகப் பார்த்து ஒன்றை எடுத்துத் தண்டை நறுக்கிவிட்டுக் கவனி. விளிம்பிலிருந்து தண்டை நோக்கி மெல்லிய மடிப்புகள் ஓடுவது தெரியும். ஆனால் எல்லா மடிப்புகளும் தண்டு வரை போவதில்லை. வட்டம் வெளிப்புறம் அகல அகல இடைவெளி கூடுகிறதல்லவா, அந்த இடைவெளியை நிரப்பக் குட்டி மடிப்புகள் விளிம்பிலிருந்து புறப்பட்டுப் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. களிமண் ஈரமாக இருக்கும்போதே கம்பியால் நீண்ட கோடுகளை முதலில் கீறிவிட்டு, அவற்றுக்கு நடுவே குறுங்கோடுகளைக் கீறினால் போதும், பொம்மை காளானாகிவிடும். எல்லாக் கோடுகளையும் மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாயானால் அது கை விசிறி போலத்தான் இருக்கும்.

அதே குடையை, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒட்டிய தாளில் மடிப்புகள் கீழே இருக்கும்படி வைத்து, ஒரு கிண்ணத்தால் இரவு முழுவதும் மூடிவை. வித்துத்தூள் நேர்கீழே விழுந்து, ஒவ்வொரு மடிப்பும் தனித்தனிக் கோடாகத் தாளில் படிந்திருக்கும். குடையை அசைக்காமல் நேராகத் தூக்க வேண்டும். கடையில் விற்கும் மொட்டுக் காளான் அடர்ந்த பழுப்பையும், வைக்கோல் காளான் இளஞ்சிவப்பையும் தரும். கரிக்கோல் ஓவியத்துக்கு அடிக்கும் ஃபிக்ஸேட்டிவை எட்ட நின்று அடித்தால் தூள் உதிராது. சிப்பிக் காளானின் தூள் வெளிறியது; அதற்குக் கறுப்புத் தாள்தான் சரி.

இந்தக் கடிதத்தின் மேலே உன் பெயரை எழுதியிருக்கும் மையும் காளானிலிருந்து வந்ததே. இங்கே புல்வெளிகளில் முளைக்கும் ஒருவகை வெள்ளைக் காளான், முதிர்ந்ததும் விளிம்பிலிருந்து தானாகவே கறுத்துக் கரைந்து சொட்டத் தொடங்கும். அதை வடிகட்டி, கெடாமலிருக்க இரண்டு கிராம்பு போட்டு வைத்தேன். வாடை சகிக்கவில்லை, நிறம் மட்டும் அருமை.

உருவத்தை விட்டுப் பொருளாகவே காளானைக் கையாண்டவர்களும் இருக்கிறார்கள். கலிபோர்னியாவின் மெண்டோசினோவில் மிரியம் ரைஸ் என்ற கலைஞர் காளான்களைக் கொதிக்கவைத்துக் கம்பளி நூலுக்குச் சாயமேற்றினார். ஒரே காளான் படிகாரத்தோடு ஒரு நிறத்தையும் இரும்போடு வேறு நிறத்தையும் தருமாம். ருமேனியாவின் கோருண்ட் கிராமத்தில் மரத்தில் வளரும் கெட்டிக் காளானைச் சீவி, தட்டி, இழுத்துத் தொப்பி செய்கிறார்கள். ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது பச்சை மரம். விழுந்து கிடக்கும் ஓக் கிளைகளுக்குள் ஒரு பூஞ்சை பரவி, மரத்தையே மயில்பச்சையாக்கிவிடுகிறது. வெளிச்சத்தில் எளிதில் மங்காத அந்த நிறத்துக்காக இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத் தச்சர்கள் அதைத் தேடிப் பிடித்து பல நிற மரத்துண்டுகளைப் பதித்துப் படமாக்கும் வேலையில் இலைகளுக்கும் மலைகளுக்கும் பயன்படுத்தினார்கள். இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் மரப்பெட்டிகளிலும் அதே பச்சை உண்டு. உளுத்த மரம் என்று நாம் ஒதுக்கியிருப்போம். ஒரு சிறு துண்டை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். தங்கை மார்கழியில் ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

ஐப்பசி மழைக்கு உங்கள் பக்கத்து வைக்கோல் போரில் முளைப்பவற்றில் ஒன்றிரண்டை எனக்காகப் பதிப்பெடுத்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்பு. பெயர் தெரியாததைப் பிள்ளைகள் வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
வசந்தா