மொன்றியலில் இருக்கும் குகனுக்கு

அன்பின் குகன்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே ஸ்கார்பரோவில் எல்லோரும் சுகம். சின்னவள் யூனிவர்சிட்டிக்குப் போகத் தொடங்கிவிட்டாள், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

உடுப்புக் காயவைக்கிற டிரையர் விஷயம். டிரம் சுற்றுகிறது, சூடு இல்லை, ஃபியூஸ் போய்விட்டதாம், இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிடச் சொல்லி ஒருவர் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அதைச் செய்யாதே மச்சான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படி முறுக்கி, டேப் சுற்றிய மெஷின் ஒன்றைப் போன மாதம் திறந்தேன். ஹீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் படிந்திருந்த பஞ்சுத்தூசு விளிம்பெல்லாம் பழுப்பாகக் கருகியிருந்தது. மேலேயிருந்த அறையில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அன்று முழுக்க எனக்கு மனம் சரியில்லை.

முதலில் வீட்டு மின்பெட்டியில் டிரையருக்கான பிரேக்கரைப் பார். டிரையருக்கு 240 வோல்ட் இரண்டு லைனில் வருகிறது. ஒரு லைன் விட்டுப்போனாலும் மோட்டர் 120 வோல்ட்டில் சுற்றலாம், ஹீட்டர் மட்டும் சூடாகாது. பிரேக்கரை முழுக்க ஓஃப் பண்ணி, திரும்ப ஓன் பண்ணிப் பார். சில வேளை விஷயம் அதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்தகட்டைத் திற. கையுறை போட்டுக்கொள், அந்தத் தகரம் கத்தி மாதிரி வெட்டும். வயர்களை ஃபோனில் படம் எடுத்து வை. பல மெஷின்களில் ஹீட்டர் பெட்டியில் இரண்டு சின்னப் பாகங்கள் இருக்கும்: சூடு மிஞ்சினால் ஹீட்டரை நிறுத்தும் ஹை லிமிட் தெர்மோஸ்டாட், அதுவும் தவறினால் ஒரேயடியாக எரிந்து தடுக்கும் ஃபியூஸான தெர்மல் கட்‌ஓஃப். காற்றாடிக் கூட்டில் இன்னொரு தெர்மோஸ்டாட் இருக்கும். உடுப்புச் சூட்டை அளவாக வைத்திருப்பது அதுதான். நிறைய மெஷின்களில் அது 155 டிகிரி ஃபாரன்ஹைட்டில் ஹீட்டரை நிறுத்தி, ஆறியதும் திரும்பப் போடும்.

ஒவ்வொன்றிலும் ஒரு வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில், அதாவது மின்தடை அளக்கும் இடத்தில், வைத்துத் தொடு. வயரைப் பிடித்து இழுக்காதே, கொனெக்டரைக் குறட்டால் பிடித்து எடு. மெஷின் ஆறியிருக்கும்போது சுழியத்துக்குக் கிட்டக் காட்டினால் கரண்ட் போகிறது, ஓஎல் என்று காட்டினால் பாகம் போய்விட்டது. இந்த மூன்றும் சரியென்றால் ஹீட்டர் கம்பியையும் அளந்து பார், அது அறுந்திருக்கலாம்.

இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. குளிரில் சுழியம் காட்டுகிற தெர்மோஸ்டாட்டும் கெட்டிருக்கலாம். உள்ளே தொடுமுனை ஒட்டிக்கொண்டால் எவ்வளவு சூடானாலும் திறக்காது. மீட்டருக்கு அது நல்லதாகத்தான் தெரியும், கடைசியில் கட்‌ஓஃப்தான் எரிந்து தடுக்கும். அதனால் கட்‌ஓஃப் போயிருந்தால் ஹை லிமிட்டையும் சேர்த்தே மாற்று. பெரும்பாலும் இரண்டும் ஒரே பெட்டியில்தான் விற்கும். காற்றுப்பாதை சுத்தமாக இருந்தும் போயிருந்தால் காற்றாடிப் பக்கத் தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிடு. கருகிய கொனெக்டரை அப்படியே திரும்பச் செருகாதே, புதிது போடு.

ஆனால் நான் பார்க்கிற வீடுகளில் பாதிக்கு மேல் குற்றவாளி சூடான காற்றை வெளியே விடும் குழாய்தான். காற்று வெளியே போகாவிட்டால் சூடு உள்ளேயே தேங்கும், புது ஃபியூஸும் நாலு நாளில் போகும். சுருங்கிமடியும் பிளாஸ்டிக் குழாய் என்றால் எறிந்துவிடு. 4 அங்குல வழுவழுப்பான தகரக் குழாய் போடு. மூட்டுக்கு ஃபொயில் டேப் ஒட்டினால் காணும், ஸ்குரூ உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் தூசு அதில்தான் மாட்டும். வேலை முடிந்ததும் மெஷினை ஓடவிட்டு, வெளியே போய்ச் சுவரில் குழாய் முடியும் மூடியடியில் கையை வைத்துப் பார். காற்று கையைத் தள்ள வேண்டும்.

கதவைத் திறந்தால் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். அதிலுள்ள மொடல் நம்பரைப் படம் எடுத்து அனுப்பு, சரியான பாகத்தை நானே வாங்கித் தபாலில் போடுகிறேன். அதுவரை உடுப்பைக் கொடியில் போடச் சொல்லு. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி